இயக்குநரின் பந்து குளத்தில் விழுந்த வரலாறு

மனித குலத்தின் நாகரிகம் மொத்தமும் பதினெட்டுக் குழிகளில் அடங்கியிருக்கிறது. நாம் தினமும் சாலையில் விழுந்து எழுகிறோமே, அந்தக் குழிகள் அல்ல. அவற்றை யார் எண்ணினார்கள்? இவை கோல்ஃப் மைதானத்துக் குழிகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, கொடி உண்டு, சுற்றிலும் பாய் விரித்தாற்போலப் புல் உண்டு. அந்தப் புல்லுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் உண்டு.

குடிநீர் வாரியத்தின் வறட்சி ஆலோசனைக் கூட்டம் அங்கேதான் நடக்கும். அலுவலகத்தில் உட்கார்ந்து வறட்சியைப் பற்றி யோசித்தால் மனசு வாடிவிடுகிறதாம். பெரிய மரங்கள், நிறைந்த குளம், அதில் நாலு அன்னம் என்று இருந்தால் ‘பரந்த பார்வை’ கிடைக்கிறது என்பது இயக்குநரின் கண்டுபிடிப்பு.

துணைப் பொறியாளருக்குப் பரந்த பார்வையெல்லாம் வேண்டாம். தன் தெருவுக்குத் தண்ணீர் வந்தால் போதும். வீட்டுக் குழாய் கொட்டாவி விட்டுக்கொண்டு கிடக்கிறது. மகள் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். அலசாத துணி மூலையில் மலையாகக் குவிந்து நாறுகிறது. அன்று காலை மனைவி வாசலை மறித்துக்கொண்டாள்.

“ஊருக்கெல்லாம் தண்ணி விடுற ஆபீஸ்ல வேலை. பேரப்புள்ளைய குளிப்பாட்டத் துப்பில்ல. இன்னைக்கு டைரக்டர்கிட்ட கேக்காம வந்தீங்கன்னா, மகள் அவ மாமியார் வீட்டுக்குக் கிளம்பிடுவா. நானும் கூடவே போயிடுவேன்.”

ஆகவே மனிதர் அன்று ஆட்டத்தில் இயக்குநரிடம் உயிரைக் கொடுத்துத் தோற்றார். அதற்கு ஒரு மரபு இருக்கிறது. பந்து குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், அடிக்காமலே விழுந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று எதிராளி பெருந்தன்மையோடு விட்டுக்கொடுப்பார். மற்றவர்களுக்குப் பக்கம் என்றால் ஒரு முழம். வாரியத்தில், பந்து கண்ணுக்குத் தெரிந்தால் பக்கம்தான்.

“விழுந்தாச்சு சார்.”

“இன்னும் தூரம் இருக்கேய்யா.”

“நீங்க அடிச்சா விழாம எங்க சார் போகும்?”

இயக்குநர் குளிர்ந்து போனார். குளக்கரைக்கு வந்ததும், இதுதான் சமயம் என்று பொறியாளர் ஆரம்பித்தார். “சார், எங்க தெரு வால்வு...”

இயக்குநர் அப்போது மட்டையை ஓங்கியிருந்தார். ஓங்கிய மட்டைக்கு எதிரே வாயைத் திறப்பது கோல்ஃபில் பஞ்சமாபாதகம். பந்து கோணிக்கொண்டு போய்க் குளத்தில் விழுந்தது.

“அமைச்சர் தன் கையால கொடுத்த பந்துய்யா அது,” என்றார் இயக்குநர். குரலில் கோபம்கூட இல்லை, துக்கம்தான் இருந்தது.

பொறியாளருக்கு வால்வு, பேரன், மனைவி எல்லாம் மறந்துபோய், வேலை ஒன்றுதான் ஞாபகத்தில் நின்றது. “குளத்தை இறைச்சுடலாம் சார்,” என்றார்.

பன்னிரண்டு வருஷமாக ஒரு தெருவில் குழாய் உடைந்தால் எட்டிப் பார்க்காத வாரியம், ஒரு மணி நேரத்தில் மோட்டார்களோடு வந்து நின்றது. ‘அவசர நீர்நிலை ஆய்வு’ என்று பணிக்குப் பெயர் சூட்டினார்கள். இறைத்த தண்ணீர் மதிலுக்கு வெளியே மழைநீர்க் கால்வாயில் பாய்ந்து, பொறியாளரின் தெரு வழியாக ஓடியது. கொஞ்ச நேரத்தில் மனைவி போனில் வந்தாள்.

“கால்வாய்ல தண்ணி ஓடுதுங்க. தெருவே குடத்தோட நிக்குது. காய்ச்சி ஆறவெச்சு புள்ளையக் குளிப்பாட்டியாச்சு. உங்க டைரக்டர் நல்லா இருக்கணும்.”

இந்த வாழ்த்தை அவர் அப்படியே ஒப்பித்தார். இயக்குநர் தலையைத் தாழ்த்தி ஏற்றுக்கொண்டார். “நமக்கு மக்கள் சேவைதானேய்யா முக்கியம்.”

சாயங்காலம் சேற்றிலிருந்து பந்து கிடைத்தது. இயக்குநர் அதைக் கைக்குட்டையால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“சரி, குளத்தை நிரப்பிடு. அமைச்சர் நாளைக்கு ஆட வர்றார்.”

“தண்ணிக்கு எங்க சார் போறது?”

“உங்க தெருவுக்கு நாளைக்கு விடலாம்னு வெச்சிருந்தேன். அதைத் திருப்பு. அவங்களுக்குத்தான் இன்னைக்கே கொடுத்தாச்சே.”

இதில் எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது? பொறியாளர் தானே போய் வால்வைத் திருப்பினார். குளம் தளும்பியது. சேற்றில் நின்ற அன்னங்கள் மறுபடி மிதந்தன. அப்போது போன் அடித்தது.

“என்னங்க, கால்வாய் காஞ்சுபோச்சு. குழாயும் வரல. தண்ணி ஏன் நின்னுபோச்சு?”

“பந்து கிடைச்சிருச்சு,” என்றார்.