புள்ளி வைத்த முப்பத்தெட்டுப் பெயர்கள்

பல்கலைக்கழகத்தில் மென்பொருள் துறைப் பேராசிரியராகவும், எங்கள் குடும்பத்தில் என் மனைவியின் ஒரே தம்பியாகவும் இருந்துவரும் மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

நான் நலம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதுகிறேன். நீங்களும் தங்கையும் பிள்ளைகளும் உண்மையிலேயே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருபத்தாறு வருஷமாக வாய் நிறைய 'வாடா, போடா' என்று கூப்பிட்ட உங்களை 'நீங்கள்' என்று எழுதுவதிலேயே என் கோபத்தின் அளவு தெரிந்திருக்கும்.

விஷயம் இதுதான். உங்கள் மாணவர்கள் மூன்று பேருடைய இறுதியாண்டு ப்ராஜெக்ட் மதிப்பீட்டுப் படிவம் என் மேசை மேல் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நான் கையெழுத்துப் போட்டால் அவர்களுக்குப் பட்டம். போடாவிட்டால் இன்னொரு வருஷம் படிக்க வேண்டும். நான் போடப்போவதில்லை. ஏன் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கெல்லாம் மூல காரணம் நீங்கள்தான்.

உங்கள் அக்கா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. நோயாளிகளுக்குக் கட்டிலும் சக்கர நாற்காலியும் வாடகைக்கு விடும் எங்கள் கடையில் வேலைப் பிரிவினை உங்களுக்குத் தெரியாததில்லை. சக்கர நாற்காலிக்கு டயர் மாற்றுவது, கட்டிலின் மடிப்புக்கு எண்ணெய் விடுவது, வண்டியில் ஏற்றி நோயாளி வீட்டு மாடிப்படியில் முதுகு ஒடிய ஏற்றுவது, எல்லாம் நான். எந்த நாற்காலி எந்த வீட்டில் இருக்கிறது என்பது அவள். தொலைபேசியும் அவளுடையது, நீல அட்டை போட்ட அந்தத் தடி நோட்டும் அவளுடையது. அவள் போன பிறகு நான் நோட்டைத் திறந்தேன். ஒரே வீட்டுக்கு இரண்டு கட்டில் போனது. கட்டில் கேட்ட வீட்டுக்கு ஊன்றுகோல் போனது. அந்த நேரம் பார்த்து நீங்கள் வந்து, "அத்தான், எங்க பசங்களுக்கு நிஜமான வாடிக்கையாளர் ஒருத்தர் வேணும், உங்களுக்கு ஒரு சாஃப்ட்வேர் வேணும், நாலு மாசத்துல எல்லாம் சரியாயிடும்" என்றீர்கள். ஒரு கடிதமும் வந்தது. அதில் என்னைத் 'தொழில்துறைக் கூட்டாளி' என்று போட்டிருந்தது. ஒன்றரை அறையும் ஓட்டை வண்டியும் வைத்திருப்பவனை யாராவது தொழில்துறை என்று சொன்னால் கொஞ்சம் மயங்கத்தான் செய்வான். மயங்கினேன்.

மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் தாடி. இன்னொருவன் எதைச் சொன்னாலும் "சரி அங்கிள்". மூன்றாவது ஒரு பெண், வாயைத் திறந்தால் "அடுத்த கேள்வி". முதல் மாதம் முழுக்க அவர்கள் எதையும் செய்யவில்லை, கேட்டார்கள். நாற்காலி கடைக்கு வருவது எப்படி, போவது எப்படி, போனது வராவிட்டால் எப்படி. நான் சொன்னதையெல்லாம் மஞ்சள் துண்டுக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். மின்விசிறியைப் போட்டால் என் தொழில் முழுக்கப் பறந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும். அந்த மாதம் வியர்வையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் பெரிய படம் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். யாரோ ஒரு பெரியவர், கையில் காபிக் கோப்பை, வாயெல்லாம் பல். கீழே, 'வயது 62. கணினி என்றால் பயம். தனியாக வாழ்கிறார்' என்று எழுதியிருந்தது.

"யாரு இவரு?" என்று கேட்டேன்.

"நீங்கதான் அங்கிள்" என்றான் தாடி.

"எனக்கு மீசை உண்டேப்பா."

"இது ஒரு மாதிரி ஆள் அங்கிள். இவரை மனசுல வச்சுத்தான் நாங்க எல்லாத்தையும் செய்வோம்."

"அப்ப என்னை?"

"சரி அங்கிள்" என்றான் மற்றவன்.

அந்தப் படத்தை நான் கழற்றச் சொல்லவில்லை. சாப்பிடும்போது எதிரில் ஒரு முகம் இருந்தது, அவ்வளவுதான். அதைப் பற்றி மேற்கொண்டு எழுத விரும்பவில்லை.

எட்டாவது வாரம் சாஃப்ட்வேரைக் காட்டினார்கள். பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. என் பிறந்த தேதியைக் கொடுத்தேன், பலவீனமாக இருக்கிறது என்றது. இந்த வயதில் அது கணினி சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஒருவழியாக உள்ளே போனால் வெள்ளைப் பக்கம், நடுவில் 'வருக' என்று ஒரு வார்த்தை. "மிச்சம் அடுத்த ரெண்டு வாரத்துல வரும் அங்கிள்" என்றார்கள். வந்தது மச்சான், நன்றாகவே வந்தது.

உங்கள் அக்காவின் நோட்டை முழுக்கக் கணினியில் ஏற்றியிருந்தார்கள். அதில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் அவள் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்திருந்தாள். முப்பத்தெட்டுப் பெயர்கள். அந்தப் புள்ளிக்கு, பொருளைத் திருப்பித் தராமல் டிமிக்கி கொடுப்பவர்கள் என்று எங்கிருந்தோ ஓர் அர்த்தம் பிடித்துக்கொண்டு வந்து, அவர்களுக்குத் தானாகவே செய்தி போக ஓர் ஏற்பாடு செய்து, சோதித்துப் பார்க்கிறோம் என்று ஒரு பொத்தானை அழுத்தினார்கள். சோதனை என்றால் போகாது என்று நினைத்தார்களாம். போய்விட்டது. 'எங்கள் பொருளை நீங்கள் இன்னும் ஒப்படைக்கவில்லை. இது இறுதி அறிவிப்பு.' முப்பத்தெட்டு வீடுகளுக்கு.

மறுநாள் காலையில் முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மடக்கு நாற்காலியைத் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தார். "என் சம்சாரம் போயி மூணு வருஷம் ஆச்சு சார். கொண்டுவரணும்னு நினைப்பேன், கை வராது. உங்க வீட்டம்மாதான், எப்ப முடியுதோ அப்ப குடுங்க, நான் கேக்கவே மாட்டேன்னாங்க. இப்ப இறுதி அறிவிப்புன்னு வந்திருக்கே" என்றார். நோட்டை எடுத்து அவர் பெயரைத் தேடினேன், பக்கத்தில் சிவப்புப் புள்ளி. நாற்காலியில் இருந்தவர் இறந்துபோன வீடுகள் மச்சான், அந்தப் புள்ளிகள். அவள் கேட்காமல் விட்ட வீடுகள்.

மதியத்துக்குள் பதினொரு பேர் வந்தார்கள். சிலர் திட்டினார்கள், சிலர் அழுதார்கள். திட்டியவர்கள் பரவாயில்லை. அழுதவர்களை உட்காரச் சொல்ல என் கடையில் இருந்தது சக்கர நாற்காலி மட்டும்தான். உட்கார்ந்து அழுகிற வேகத்தில் ஓர் அம்மாள் மெல்ல உருண்டு வாசல் வரை போய்விட்டார், நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். இப்போது கடையில் கால் வைக்க இடமில்லை. இந்தக் கடிதத்தையே நான் யாரோ ஒருவருடைய நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

மூன்று பேரும் சாயங்காலம் வந்து வாசலில் நின்றார்கள். அந்தப் பெண்ணிடம் அன்றைக்குக் கேள்வியே இல்லை. அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் சேர வேண்டும் என்று தாடிதான் சொன்னான். பிறகு, "ஆனா தப்பு எங்களுதுதான் அங்கிள்" என்றான். மற்றவன் "சரி" என்றுகூடச் சொல்லவில்லை. நான் மனம் இளகவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குப் பட்டம் கொடுத்தால் நாளை ஊருக்கே இறுதி அறிவிப்பு அனுப்புவார்கள். ஆகவே கையெழுத்துக் கிடையாது. இதில் நீங்கள் உறவைக் காட்டிப் பேச வர வேண்டாம்.

தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகள் நூறு வயது நோய் நொடியில்லாமல், எங்கள் கடைப் பக்கமே வராமல் வாழட்டும். உங்களுக்கு இந்தத் தடவை ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
தொழில்துறைக் கூட்டாளி

பி.கு.: மச்சான், உறையை ஒட்டும் முன் இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்றைக்குச் சோறு இறங்காது. புள்ளிக்கு அர்த்தம் சொன்னவன் நான்தான். "இது என்ன அங்கிள்?" என்று அந்தப் பெண் கேட்டாள். மூன்று பேர் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்க்கும்போது தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "குடுக்காம ஏமாத்துறவங்க" என்று அடித்துவிட்டேன். அவள் அதைத் தேதி போட்டு, என் பெயர் போட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறாள். வாசலில் நின்றபோது அந்தக் குறிப்பேடு அவள் கையிலேயே இருந்தது. அதை அவள் பிரிக்கவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன், மூன்று பேருக்கும் முழு மதிப்பெண். 'வாடிக்கையாளர் சரியான தகவல் தந்தாரா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன், அதை நீ திருத்தாதே. இருபத்தாறு வருஷம் அந்த நீல நோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அது என்ன புள்ளி என்று உன் அக்காவை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தப் பெண் வந்த முதல் வாரமே கேட்டாள்.