நிலவில் ஆழமாகத் தடம் பதித்த வரலாறு

எங்கள் விண்வெளி அலுவலகத்தின் வெள்ளி விழாவை முன்னிட்டு, ஆளில்லா நிலவுக் கலங்களின் வரலாற்றை எழுதும் பொறுப்பு, மொழிப் பிரிவில் கோப்பு தள்ளிக்கொண்டிருந்த என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. நிபந்தனை ஒன்றே ஒன்று: 'தோல்வி' என்ற சொல் எந்தப் பக்கத்திலும் தென்படக் கூடாது.

முதல் கலம் நிலவைத் தவறவிட்டு எங்கேயோ போய்விட்டது. 'இலக்கையும் தாண்டிச் சாதனை படைத்தது' என்று எழுதினேன். இரண்டாவது விழுந்து சுக்குநூறானது. 'நிலவில் ஆழமாகத் தடம் பதித்தது.' மூன்றாவது நிலவைச் சுற்ற ஆரம்பித்தது, அன்றோடு பேச்சுமூச்சில்லை. 'இன்றுவரை அமைதியாகப் பணியாற்றி வருகிறது.' படித்துவிட்டு இயக்குநரே எழுந்து வந்து கைகொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

புத்தகம் வெளிவந்த மறுவாரம் தயாராகிக்கொண்டிருந்த நான்காவது கலத்தின் பொறியாளரான அம்மா என் மேசைக்கு வந்தார். ஆறு வருஷமாக அந்த ஒரே கலத்தோடு மல்லுக்கட்டுகிறவர்.

"சார், ரெண்டாவது கலம் வேகம் குறையாமதான் விழுந்துச்சு. இதுலயும் அதே இன்ஜின். மாத்தியே ஆகணும். பழுதுன்னு பதிவு இருந்தாத்தான் அனுமதியாம். 'விழுந்தது'ன்னு ஒரே ஒரு வார்த்தை போட்டுக் குடுங்க."

பாவமாக இருந்தது. இயக்குநரிடம் அழைத்துப் போனேன். அவர் என் புத்தகத்தை வரிவரியாகப் புரட்டினார்.

"விழுந்ததா எங்கேயும் இல்லையேம்மா. ஆழமா தடம் பதிச்சிருக்கு. நல்லா பதிச்ச இன்ஜின்ல எதுக்குக் கை வைக்கணும்?"

"அது இவர் எழுதினது சார்."

"அச்சாயிடுச்சும்மா. அமைச்சரே வெளியிட்டுட்டார். இனிமே நடந்ததை வேணா மாத்தலாம், புத்தகத்தை மாத்த முடியாது."

"நீங்களாவது சொல்லுங்க சார்" என்று அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

நான்காவது கலம் குறித்த நாளில் கிளம்பி, குறித்த நேரத்தில் நிலவை அடைந்து, தூள்தூளானது.

அன்று மாலை அந்த அம்மா மறுபடி வந்தார். அழுத முகம். திட்டப் போகிறார், வாங்கிக்கொள்வோம் என்று எழுந்து நின்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு விசாரணைக் குழு வருது சார். 'விழுந்தது'ன்னு போட்டா என் வேலை போயிடும். நீங்கதான் நல்லா எழுதுவீங்களே."

'நிலவு எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே வந்துவிட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். குழு அதை ஏகமனதாக ஏற்று, நிலவிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பப் பரிந்துரைத்தது.

கடிதத்தை நேரில் சேர்ப்பிக்க ஐந்தாவது கலம் தயாராகிறது. இன்ஜின் பழையதுதான். அதில் குறை இருப்பதாக இப்போது அந்த அம்மாவும் சொல்வதில்லை.