அப்பா பேருக்கு ஒரு ஓட்டு

சாமந்திமேடு காலனி,
ஆவடி வழி.

பெருமதிப்பிற்குரிய அக்கா பொன்னியம்மாவுக்கு,

தம்பி கங்காதரன் கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் யுவராணியும் என் சர்க்கரையும் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே வேலூரில் நீயும் மாமாவும் மாமாவின் முட்டிவலியும் சௌக்கியமா? போனில் சொன்னால் ‘ம்’ கொட்டிக்கொண்டே சீரியல் பார்ப்பாய் என்பதால் கடிதம்.

நம் தெருவுக்குச் ‘சின்னப்பையன் தெரு’ என்று அப்பா பேரை வைக்கச் சொல்லி நலச்சங்கத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு ஓட்டெடுப்பு, வீட்டுக்கு ஒரு ஓட்டு. குடும்ப வரலாறு நாலு பக்கம் எழுதிக்கொண்டு வா என்றார்கள். எனக்கென்ன, நாற்பதுகூட எழுதுவேன். தாத்தா அடுத்தவர் வயலில் நாற்று நட்டார், அப்பா நம் சின்ன ரயில் நிறுத்தமான சாமந்திமேடு ஹால்ட்டில் கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஏஜென்ட் ஆனார், இருபத்திரண்டு வருஷம் சங்கத் தலைவராக இருந்து குழாய்த் தண்ணீரும் தெருவிளக்கும் கொண்டுவந்தார், டிக்கெட் விற்பனை போதவில்லை என்று மூடப்பட இருந்த ஹால்ட்டைத் தனி ஆளாகக் காப்பாற்றினார் என்று இரண்டு பக்கம் ஓடிவிட்டது. மிச்சத்துக்குச் சாட்சி தேடிப் போனதுதான் தப்பு.

முதலில் ரோஸி ஆண்ட்டி. “உங்கப்பாவா? என் கல்யாணத்துக்கு மொய்யா ஆவடிக்குப் பத்து டிக்கெட்டு குட்த்தாரு நைனா. அன்னிக்கு மட்டுந்தான் செல்லுமாம். தாலி கட்டிக்கினு ஆவடில போயி நான் இன்னா பண்றது?” அங்கிருந்து பிரகாசம் அண்ணனிடம் போனால், மாசக் கூட்டத்துக்கு லேட்டாக வந்தவனுக்கெல்லாம் அப்பா திருவள்ளூர் டிக்கெட்டை அபராதமாகத் தலையில் கட்டிய கதை. “நூறு டிக்கெட்டு எட்த்துக்கீறேன் கங்கா. இன்னி வரிக்கும் திருவள்ளூருல காலு வெச்சதில்ல.” நீயும் நானும் மட்டும் என்ன, பையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்துதானே போனோம்?

இது செயலாளர் தினகரன் காதுக்குப் போய்விட்டது. டீக்கடையில் சொன்னவன் நானேதான், அதை விடு. நடுத்தெருவில் என்னை நிறுத்தி, “அண்ணாத்தே, ரயிலு ஏறாதவங்களுக்கு டிக்கெட்டு வித்து கமிசன் பாத்தவரு பேருலயா தெரு?” என்றான். நான் விடுவேனா? “அந்த ஹால்ட்டு இல்லாங்காட்டி உன் பொண்ணு கவிப்பிரியா காலேஜுக்கு எதுல போவும்? உன் முதுவுலயா?” என்றேன். கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அவன் முகம் போன போக்கைப் பார்க்க நீ இல்லையே!

நேற்று வீடு வீடாகக் கேட்டுவிட்டேன். நமக்கு இருபது, அவனுக்கு இருபது. நம் தெருவில் பூட்டிக் கிடக்கிற உன் வீட்டு ஓட்டுதான் பாக்கி. வெற்றி உறுதி. நன்றியுரைகூடத் தயார், அதில் உன் பேர் இரண்டு இடத்தில் வருகிறது. ஞாயிறு காலை வந்து அப்பாவுக்காகக் கை தூக்கு, மத்தியானம் மீன்குழம்பு.

மாமாவுக்கு என் வணக்கம், அவர் முட்டிக்கு என் அனுதாபம், பேத்தி பவித்ராவுக்கு ஆயிரம் முத்தம்.

என்றும் உன் தம்பி,
கங்காதரன்

பி.கு.: உறையில் போடும் நேரத்தில் உன் தம்பி பெண்டாட்டி யுவராணி பிடுங்கிப் படித்தாள். “தெரு பேரு மாறுனா ஆதாரு, ரேசன் கார்டு, கேஸு, பேங்கு, உன் பென்சன் அல்லாத்துலயும் அட்ரஸ யாரு மாத்துவா? ஆவடி மாநகராட்சி ஆனப்போ அட்ரஸ் மாத்த கியூவுல நின்ன காலு எனக்கு இன்னும் வலிக்குது. இந்தத் தபா நீயே போய்க்கோ” என்றாள். உன் வீட்டுக் காகிதத்துக்கும் இதே கதிதான் அக்கா. ஆகவே ஞாயிறு அவசியம் வா, வந்து தினகரன் பக்கம் கை தூக்கு. நான் ஒருவன் மாறினாலே போதும்தான். ஆனால் மனுக் கொடுத்தவன் தனியாக எதிர்த்துக் கை தூக்கினால் நன்றாகவா இருக்கும்? துணைக்கு ஒரு ரத்த சம்பந்தம் வேண்டாமா?