மாமாவைச் சாகடித்த கார்

என் தாய்மாமன் உயிரோடிருக்கும்போதே அவரைச் சாகடித்தவர்களில் நானும் ஒருத்தி. மற்ற இருவர் என் அப்பாவும் அவர் வாங்கிய காரும். குற்றத்தில் பெரும்பங்கு காருக்கே உரியது என்பது என் நெடுநாளைய வாதம். மாமா இன்றுவரை அதை ஏற்கவில்லை.

கச்சிராயபாளையத்தில் எங்களுக்குக் கரும்பு வயல்கள் இருந்தன. வெட்டு நன்றாக அமைந்த ஓர் ஆண்டில், மூவர் ஓட்டிக் கைவிட்ட வெளிர்நீலக் கார் ஒன்றை அப்பா வாங்கினார். அதன் பிறகு எங்கள் கரும்பு ஆலைக்குப் போகாமல் நேராகக் கபூர் பாயின் பட்டறைக்கே போயிற்று என்று சொல்லலாம். கிணற்றுமேட்டு வயல் கியர்பாக்ஸாக மாறியது. தெற்கு வயல் ரேடியேட்டராக மாறியது. மாறிய பிறகும் ஒழுகியது. கரியாலூர் அருவியைப் பார்க்க ஒருமுறை குடும்பத்தோடு புறப்பட்டோம். மலைப்பாதையின் மூன்றாம் வளைவிலேயே காருக்கடியில் தண்ணீர் கொட்டத் தொடங்கியதால் திரும்பிவிட்டோம். (“கொட்டறதப் பாத்தாச்சு இல்ல, வாங்க போலாம்” என்றார் அப்பா.)

கபூர் பாய் பானெட்டைத் திறந்ததும், நோயாளியின் உறவினரிடம் பேசும் டாக்டரைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

“இப்ப ஓடும்ங்க. எவ்ளோ தூரம்னு மட்டும் என்னக் கேக்காதீங்க.”

கள்ளக்குறிச்சியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்த என் தணிகாசலம் மாமாவுக்கு இவ்வளவு நாசூக்கு இல்லை. “இதுக்குக் கொட்டற காசுக்கு நாலு ஜோடி மாடு வாங்கியிருக்கலாம் மச்சான். மாடாவது சாணி போடும்” என்றார். அப்பா அப்போது சிரித்தார். ஆனால் மறக்கவில்லை.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல்கள் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்த எனக்கு அன்று கடைசித் தாள். தேர்வு தள்ளிப்போகும் என்று எதிர்பார்த்தோம், தள்ளிப்போகவில்லை. பேருந்துகள்தாம் நின்றன. தேர்வு மையம், கள்ளக்குறிச்சியில் மாமா வீட்டுக்கு முந்தைய தெருவில் ஒரு பள்ளி. பத்து மணிக்குத் தொடக்கம். பத்தரைக்கு மேல் எவரையும் உள்ளே விடமாட்டார்கள். இந்த ஆண்டோடு பட்டம் வரவேண்டும், வராவிட்டால் அப்படியே நிறுத்திவிட்டுக் கல்யாணம் என்பது அம்மாவின் தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு எங்கள் வீட்டில் இடமில்லை.

காரின் குணம் அறிந்து ஏழு மணிக்கே புறப்பட்டோம். நடுவில் மூன்று முறை நின்று தண்ணீர் குடித்தாயிற்று. (நாங்கள் இல்லை, கார்.) கள்ளக்குறிச்சிக்கு ஒரு மைல் இருக்கையில், சாலையின் குறுக்கே இரண்டு மாட்டு வண்டிகளும் பாறைக் கற்களும் கிடந்தன. முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பத்தடி முன்பாக, எவரும் சொல்லாமலே, எங்கள் கார் ஆவி விட்டு நின்றது.

தோளில் துண்டு போட்ட இளைஞர் ஒருவர் எழுந்து வந்தார். மற்றவர்கள் அவரை முருகேசா என்று கூப்பிட்டார்கள்.

“எங்க கெளம்பிட்டீங்க? இன்னிக்கு எந்த வண்டியும் வுடறதில்லன்னு தெரியாது?”

மறியலில் மூன்று காரணங்களுக்கு மட்டும் வழி உண்டு: பிரசவம், ஆஸ்பத்திரி, சாவு. இது ஊரறிந்த முறை. அப்பா திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார். கல்யாணமாகாத, கொழுகொழுவென்ற மகள். முதல் இரண்டும் பொருந்தா என்று கண்டுகொண்டார்.

“சாவுங்க” என்றார்.

“யாருங்க?”

அப்பா அதுவரை யோசித்திருக்கவில்லை. ஆனாலும் பதில் வியப்பூட்டும் வேகத்தில் வந்தது. “எம் மச்சான். தணிகாசலம் வாத்தியாரு.”

எத்தனையோ உறவினர் இருக்க, அந்தப் பெயர் ஏன் வாயில் வந்தது என்பதற்கு நான்கு ஜோடி மாடுகளைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

முருகேசன் இடிந்துபோனார். “ஐயோ! எங்க சாரா? அஞ்சாங்கிளாஸ்ல என்னை இன்னா அடி அடிச்சாரு! எப்பங்க?”

“விடியக்காலத்துல.”

அப்பா உதடு அசையாமல் என்னிடம், “அழும்மா” என்றார். எனக்கு வேண்டும்போது அழத் தெரியாது. வீட்டில் அதட்டினால்கூடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறவள் நான். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்: ஒன்பது நாற்பது. அப்பா சாவியைத் திருப்பினார். கார் ஒருமுறை இருமி அடங்கியது. அடுத்த கணம், என் வாழ்விலேயே மிக நேர்மையான கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“மாமான்னா உசுரு போல கீது பாவம்” என்றாள் கூட்டத்திலிருந்த ஒரு பெண்.

அவ்வளவுதான். மாட்டு வண்டிகள் விலகின, கற்கள் உருண்டன. “புடிங்கடா, தள்ளுங்கடா” என்று முருகேசன் துண்டை இடுப்பில் கட்டினார். சாலையை மறிக்க வந்த முப்பது பேரும் எங்கள் காரைத் தள்ளத் தொடங்கினார்கள். அந்தக் கார் அவ்வளவு சீராக ஓடி அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் செய்தி சொல்லப்பட்டது, அவர்களும் கூடவே வந்தார்கள். இருவர் சைக்கிளில் மாலை வாங்க முந்திப் போனார்கள். கடைத்தெருவில் ஒருவர் மேளத்தோடு சேர்ந்துகொண்டார்.

பள்ளியின் வாயில் தெரிந்தது. “அப்பா, பிரேக் போடுங்க.”

“எப்படிம்மா போடறது? சாவு வூட்டுக்குப் போறவங்க பள்ளிக்கூடத்துல எறங்கினா இன்னா நெனைப்பாங்க?”

வாயில் ஜன்னலோரமாக நெருங்கி வந்து, கடந்து, பின்னால் போயிற்று. காவலாளி எங்கள் ஊர்வலத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார். மணி பத்து பதினைந்து.

மறியலால் அன்று மாமாவின் பள்ளிக்கு விடுமுறை. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார் மாமா. மேளம் நின்றது. மாலையும் கையுமாக முருகேசன் சிலையாகிவிட்டார்.

“முருகேசா, யாருடா செத்தது?” என்றார் மாமா.

வாத்தியார் கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லியே பழகிய வாய். “நீங்கதான் சார்.”

“எப்படா?”

“விடியக்காலத்துல சார்.”

அப்பா கவனமாக ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. நான் கதவைத் திறந்து இறங்கினேன். பத்துப் பேருக்கு முன்னால் வாய் திறந்தறியாதவள், அறுபது பேருக்கு முன்னால் விடைத்தாள் நடையில் பேசினேன்.

“மாமா இறக்கவில்லை. எனக்குத் தேர்வு இருக்கிறது. பத்தரைக்குள் போகாவிட்டால் என் படிப்பு இத்துடன் முடிந்துவிடும். நாங்கள் சொன்னது பொய். மன்னித்துவிடுங்கள்.”

முருகேசனின் கழுத்து நரம்பு புடைத்தது. அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன்.

“பரீச்சைன்னு சொல்றதுக்கு இன்னாங்க?” என்று கத்தினார். “படிக்கற புள்ளைங்களுக்காகத்தான் நாங்க ரோட்டுல குந்திக்கினு கீறோம்! படிக்கற புள்ளையவே மறிப்பமா?”

சுடுகிற வெயிலில் உட்கார்ந்திருந்தவர் கேட்ட கேள்வி அது.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. மாலையை மாமா கையில் திணித்துவிட்டு, ஒரு சைக்கிளைப் பிடுங்கி, “ஏறும்மா கேரியர்ல” என்றார். பள்ளி வாயிலில் என்னை இறக்கியபோது பத்து இருபத்தெட்டு. “சாருக்காக அழுதது நெசமா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “நான் நெசமாத்தான் அழுதேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேர்வெழுதித் திரும்பியபோது, மாலை காரின் பானெட்டின் மேல் கிடந்தது. தகுதியானதற்கே போட்டதாக மாமா சொன்னார்.

நான் தேறினேன். ஈராண்டு கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் என்ற முறையில் பத்திரிகையில் தம் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று வந்துவிடக் கூடாதென்று மாமா கவலைப்பட்டு, அச்சகத்துக்கே நேரில் போய்ப் பிழை திருத்தினார். அவர் திரும்பிய பிறகு அப்பாவும் அச்சகத்துக்குப் போனார். அச்சுக் கோப்பவர் நாணயமானவர். எழுதிக் கொடுத்ததை ஓரெழுத்தும் விடாமல் கோத்துவிட்டார். உறவினர் அனைவருக்கும் போய்ச் சேர்ந்த என் கல்யாணப் பத்திரிகையில் மாமாவின் பெயர் இப்படித்தான் இருக்கிறது: திரு. தணிகாசலம், ஆசிரியர் (உயிரோடிருக்கிறார்).