பெட்ரோல் குடிக்காத வண்டியை விற்க வேண்டாம்

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை நலம், நீங்கள் எங்களிடம் விட்டுச் சென்ற கார் பார்வைக்கு நலம். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கூப்பிட்டால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள், என் மகள் அடுப்படியிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறாள். அதனால்தான் உங்கள் அலுவலக முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

"அப்பாவுக்கு வயசாயிடுச்சு, வண்டி வேற பெட்ரோலா குடிக்குது, பேசாம வித்துடலாம்" என்று அவள் சொன்னதாகவும், நீங்கள் தலையாட்டியதாகவும் கேள்வி. உங்களைக் குறை சொல்லமாட்டேன். அவளுக்குத் தலையாட்டித்தான் நானும் அவளை வளர்த்தேன். ஆனால் அதற்குள் பக்கத்து வீட்டுப் பல் டாக்டருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்க வருகிறாராம். மாப்பிள்ளை, மனம்விட்டுச் சொல்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த வீட்டில் என்னை எதிர்பார்த்து நிற்பது அந்த வண்டி ஒன்றுதான். உங்கள் அத்தைகூட விடிந்ததும் நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிடுகிறாள். அப்படி என்ன நடையோ, ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் திரும்பி வருகிறாள். வண்டியும் போய்விட்டால் காலையில் எழுந்து நான் யாருடைய கண்ணாடியைத் துடைப்பேன்?

வண்டி பெட்ரோல் குடித்தது உண்மை. முதலில் சிக்கனத்தில் இறங்கினேன். டயர்களில் காற்றுச் சரியாக அடித்தேன். சிக்னலில் நின்றால் இன்ஜினை அணைத்தேன். பின்பக்கம் கிடந்த பழைய குடைகள், கிரிக்கெட் மட்டை, நீங்கள் வாங்கிப் பிரிக்காத உடற்பயிற்சிக் குண்டுகள் எல்லாவற்றையும் இறக்கினேன். பாரம் குறைந்தால் பெட்ரோலும் குறையும் என்பது கணக்கு. "உன் கைப்பையையும் வீட்டுலயே வச்சுடேன்" என்று உங்கள் அத்தையிடம் சொன்னேன். "அப்ப நீங்களும் உங்க தொப்பையை வச்சுட்டு வாங்க" என்றாள். வண்டி ஓடுவதைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கடைச் சாமான் எழுதுவாள். அந்தக் கையெழுத்தைக் கடைக்காரரால்கூடப் படிக்க முடியாது. கேட்டால் என் ஓட்டுதல்மேல் பழி போடுவாள்.

அதற்குப் பிறகும் பெட்ரோல் முள் இறங்கிக்கொண்டே இருந்ததால், குற்றவாளி பெட்ரோல் ஃபில்டர்தான் என்று முடிவு கட்டினேன். அழுக்கடைத்த ஃபில்டரோடு ஓடுவது மூக்கடைப்போடு மாடியேறுவதுபோல. புதிது வாங்கி வந்து, வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் படித்து, போன செவ்வாய்க்கிழமை நானே மாற்ற இறங்கினேன். பாதுகாப்பு விஷயத்தில் என்னை ஒருவர் குறை சொல்ல முடியாது. வண்டியைக் காற்றோட்டமாக வெட்டவெளி முற்றத்தில் நிறுத்தினேன். தீயணைப்பு உருளையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தேன். பெட்ரோல் ஆவி எங்கே நெருப்பைத் தேடிப் போகும் என்று சொல்ல முடியாது என்பதால் அடுப்பை அணைக்கச் சொன்னேன். அன்று எங்களுக்கு மூன்று வேளையும் ரொட்டியும் பழமும்தான். வாசல் மணியை அமுக்கினால் பொறி பறக்கும் என்று அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். தபால்காரர் அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்கு அடிபட்டது என்று கேட்டுவிட்டுப் போனார்.

குழாயில் அழுத்தம் இருக்கும்போது கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். அதனால் டாங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கிற ஃப்யூஸை முதலில் உருவ வேண்டும். நகத்தளவு சாமான். அதை உருவி, "இதைப் பத்திரமா வை" என்று உங்கள் அத்தை கையில் கொடுத்தேன். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, குழாயில் மிச்சமிருந்த பெட்ரோல் தீர்ந்து அது தானாக அணைந்ததும் பேட்டரி வயரைக் கழற்றி, துணியைச் சுற்றிப் பழைய ஃபில்டரை எடுத்தேன். சொட்டியதைத் தகர டப்பாவில் பிடித்தேன். புது ஃபில்டரில் அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்கிறதா என்று கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்தேன். பேட்டரி வயரை மாட்டினேன். கசிவு இல்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் அத்தை, "ஏங்க, அந்த..." என்று ஆரம்பித்தாள். "வண்டி ஓடற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். வேலையில் கவனம் சிதறக் கூடாது பாருங்கள். அவளும் சொன்ன பேச்சைக் கேட்டு மௌனமாகிவிட்டாள். எனக்கே ஆச்சரியம்.

சாவியைத் திருகினேன். இன்ஜின் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. ஃபில்டரைத் திரும்பக் கழற்றினேன், மாட்டினேன். பேட்டரி முனையைச் சுரண்டினேன். ஸ்டியரிங்கைத் தடவி நல்ல வார்த்தை சொன்னேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் தெருவுக்கு உருட்டி இறக்கத்தில் தள்ளிவிட்டால் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். சத்தம் கேட்டுப் பல் டாக்டர் வெளியே வந்தார். பின்னாலேயே அவர் நாற்காலியிலிருந்து பாதியில் எழுந்த நோயாளியும், வாயில் பஞ்சோடு, கழுத்தில் துண்டோடு வந்து தோள் கொடுத்தார். பாதி வாய் மரத்துப்போனவர் "தழ்ழுங்க, தழ்ழுங்க" என்று கொடுத்த உற்சாகத்தில் வண்டி தெருக்கோடி வரை இறங்கியது. ஆனால் உறுமக்கூட இல்லை. இறங்கியதை ஏற்றத்தில் திரும்பத் தள்ளி வர வேண்டியதாயிற்று. முற்றத்தில் சேர்ப்பதற்குள் அந்த நோயாளிக்கு மரப்பு மருந்து தெளிந்து, வலி வந்து, என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. டாக்டரோ வாயெல்லாம் பல்லாக, "ஓடலையா? ரொம்ப நல்லது சார். பேரம் பேச வசதியா இருக்கும்" என்றார். இத்தனை நேரமும் உங்கள் அத்தை திண்ணையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே மாப்பிள்ளை, நான் கேட்பது இதுதான். வண்டி விற்பதற்கில்லை என்று டாக்டருக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெட்ரோல் குடிக்கிறது என்ற புகார் அடியோடு தீர்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமையிலிருந்து முள் ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை, வந்து பார்த்துக்கொள்ளலாம். ஸ்டார்ட் ஆவதில்தான் சின்னத் தயக்கம். அதன் மனம் எனக்குத் தெரியும், விட்டுப் பிடிப்பேன். இந்த வீட்டில் அந்த வண்டியைக் கையாளத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதை என் மகளுக்கும் பக்குவமாக எடுத்துச் சொல்லவும்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், மேடு பள்ளமில்லாத பாதையில் நெடுங்காலம் ஓட வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பெரும்பகுதியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது முற்றத்தில் இன்ஜின் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஓட்டுநர் இருக்கையில் உங்கள் அத்தை!

"ஃப்யூஸை நீங்க திருப்பிக் கேக்கவே இல்லையே" என்றாள். "கேப்பீங்க கேப்பீங்கன்னு முந்தானையிலயே முடிஞ்சு வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருந்தேன். வாயைத் திறக்கக் கூடாதுன்னு வேற சொல்லிட்டீங்க. இனிமே பொறுக்க முடியாதுன்னு நானே மாட்டிட்டேன்."

"அது சரி, நீ எப்படி அங்க உக்காந்திருக்கே?" என்றேன். கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினாள். புத்தம் புதிது. நடைப்பயிற்சியெல்லாம் டிரைவிங் ஸ்கூல் வாசல் வரைதானாம். "வண்டியை வித்துட்டா உங்க மூஞ்சியை யாரு பாக்கறது? உங்களுக்கு வயசாச்சுன்னா நான் ஓட்டறேன். ஏறுங்க, லெட்டரைப் போட்டுட்டு வரலாம்" என்றாள். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பெட்ரோல் வாடை கண்ணில் ஏறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். விற்பதற்கில்லை என்று டாக்டரிடமும் போகிற போக்கிலேயே கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டாள். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். இனி காற்றுப் பார்ப்பதும் கண்ணாடி துடைப்பதும் என் பொறுப்பு.

இந்தப் பின்குறிப்பு முழுவதையும் ஓடும் வண்டியில், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எழுதினேன். ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை என்பதைக் கவனிக்கவும். உங்கள் அத்தையிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம்.