தபாலில் வந்த கல்யாண அழைப்பு

மந்தைவெளி, மயிலாப்பூர்
ஸ்ரீமுக வருஷம், ஆவணி மாதம்

செங்கல்பட்டிலிருக்கும் மைத்துனர் கங்காதரன் அவர்களுக்கு, சுப்புராயன் நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உம்முடைய தங்கை கோவிந்தம்மாவும் சுகம். அவள் சுகமான கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உம்முடைய மகளின் கல்யாணம் இன்று காலை ஒரு குறையுமில்லாமல் முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். சுப்புராயன் ஏன் வரவில்லை என்று பந்தியில் நாலு பேராவது கேட்டிருப்பார்கள். கேட்காவிட்டால் அதையும் மறைக்காமல் எழுதவும்.

ஏன் வரவில்லை என்று உமக்கே தெரியும். தங்கை புருஷனை அழைப்பதென்றால் நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, "மாப்பிள்ளை, குடும்பத்தோடு வந்திருந்து நடத்திக்கொடுக்கணும்" என்று வாயாரச் சொல்வது முறை. நீர் என்ன செய்தீர்? மஞ்சள் தடவிய அச்சுக் கடுதாசி ஒன்றைத் தபாலில் போட்டீர். உமக்கு அரிசி மூட்டை அனுப்புகிற மண்டிக்காரருக்கும் அதே கடுதாசிதானே போயிருக்கும்? தபாலில் வந்தது அழைப்பே இல்லை, நானும் போகமாட்டேன், நீயும் போகக்கூடாது என்று உம் தங்கையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பிடித்தது வீட்டில் சனி.

அவள் கோபம் உமக்குத் தெரியாததல்ல. கோபம் வந்தால் சாப்பிடமாட்டாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். கொலுசுக்காகப் படுத்திருக்கிறாள், மாம்பலத்தில் வீடு பார்க்கவில்லையென்று படுத்திருக்கிறாள். மறுநாள் பசி பொறுக்காமல் எழுந்து வந்து பழையதில் மோரை ஊற்றிக் குடிப்பாள், விஷயம் அதோடு சரி. இந்தத் தடவை புதிதாக வயிற்றுவலி என்று ஆரம்பித்தாள். தொப்புளைச் சுற்றி வலிக்கிறதாம். "இன்னாடி, கல்யாணச் சாப்பாடு போச்சேன்னு வயிறு அழுவுதா?" என்று கேட்டேன், சிரிக்கக்கூட இல்லை. மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன், வாந்தி எடுத்தாள். சோற்றின் வாசனையே ஆகாது என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். சரி, எங்கே வலிக்கிறது என்று சாயங்காலம் மறுபடி கேட்கிறேன், இப்போது தொப்புளில் இல்லையாம், வலதுபக்கம் அடிவயிற்றில் இறங்கி அங்கேயே நிற்கிறதாம். அகப்பட்டுக்கொண்டாள்! நிஜமான வலியென்றால் வந்த இடத்தில் இருக்காதா? ஊர் சுற்றுமா? பொய் சொல்கிறவள்தான் காலையில் ஒரு இடம், சாயங்காலம் ஒரு இடம் காட்டுவாள் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "நடிக்கிறதுக்கு எனக்கு இன்னா தலையெழுத்தா? தொடாதீங்க, தொட்டா உசுரு போவுது" என்று வலது காலை மடித்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.

எதிர்வீட்டு அங்காளம்மாள் வந்து பார்த்தாள். "ஒண்ணுமில்ல, வயித்துல அடைச்சிக்கினு கீது. விளக்கெண்ணெய குடு, காலைல எழுந்து கோலம் போடுவா" என்றாள். நம் குடும்பத்தில் எதற்குத்தான் விளக்கெண்ணெய் இல்லை? தலைவலிக்கும் அதுதான், பரீட்சையில் தோற்றதற்கும் அதுதான். நான் மூக்கைப் பிடிக்க, அங்காளம்மாள் ஊற்ற, உம் தங்கை குடித்தாள். காலையில் கோலமும் போடவில்லை, ஒன்றும் போடவில்லை. விடியும்வரை துடித்துவிட்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க, உங்க காலப் புடிக்கிறேன்" என்றாள். நான் என்ன மடையனா? ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் எழும்பூர் ஸ்டேஷன் இருப்பது எனக்குத் தெரியாதா? வண்டியை அந்தப் பக்கம் திருப்பி ரயிலேறி உம் வீட்டுப் பந்தலில் வந்து நிற்பதற்குத்தானே இத்தனை பாடு?

இருந்தாலும் எனக்கும் மனசு இருக்கிறது. சமாதானமாக ஒரு புடவை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று பீர் முஹம்மதுவின் ஜட்காவை அழைத்து லஸ் கடைத்தெருவுக்கு விடச் சொன்னேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள். தெருவே பார்த்தது, என் மானம் போயிற்று. "மெதுவாத்தான் ஓட்டிக்கினு கீறேன் சார், அம்மாக்கு ரொம்ப முடியல போல கீது" என்றான் அவன். குதிரையைப் பாரப்பா என்றேன். புடவைக் கடை வாசலில் வண்டி நின்றும் இறங்கமாட்டேன் என்ற பெண்பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை. அவ்வளவு வீம்பு! வீட்டுக்குத் திரும்பியபோது உடம்பு அனலாகக் கொதித்தது. கோபக்காரர்களுக்கு உடம்பு சுடத்தானே செய்யும்?

இனிமேல்தான் வேடிக்கை. இன்று காலை முகூர்த்த நேரம் தாண்டிய சற்றைக்கெல்லாம், முனகல் சட்டென்று நின்றது. "வலி நின்னுபோச்சுங்க" என்றாள். பார்த்தீரா? அங்கே தாலி ஏறியது, இனி போய்ப் பிரயோஜனமில்லை, இங்கே வலியும் போயிற்று! நான் சொன்னது சரியாயிற்றா இல்லையா? சந்தோஷத்தில் நானே அடுப்பு மூட்டிப் பாயசம் வைத்தேன். அப்புறம் குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அயர்ந்து தூங்குகிறாள். ஆகவே மைத்துனரே, உம் தங்கையின் பிடிவாதத்தை நான் ஜெயித்துவிட்டேன் என்பதை இதன்மூலம் அறியவும். அடுத்த விசேஷத்துக்காவது தட்டோடு நேரில் வரவும்.

மணமக்கள் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் வாழ எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம்.

இப்படிக்கு,
சுப்புராயன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் பாயசத்தை எடுத்துக்கொண்டு போய் அவளை எழுப்பினேன். கை ஜில்லென்றிருந்தது. வயிறு உப்பிப் பலகையாக இறுகியிருந்தது. நாடி ஓடுகிற ஓட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. பீர் முஹம்மதுவும் நானும் தூக்கி ஜட்காவில் போட்டோம். இப்போது பெரிய ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே கத்தி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் கேட்டார், வலி தொப்புளில் ஆரம்பித்து வலதுபக்கம் இறங்கிற்றா என்று. ஆமாம் என்றேன். சாப்பாடு வேண்டாமென்றாளா? ஆமாம், கோபம். வாந்தி? ஆமாம். ஜுரம்? ஆமாம். வண்டி குலுங்கினால் அலறினாளா? ஆமாம். பேதிக்குக் கொடுத்தீரா? அதற்கும் ஆமாம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "குடல்வால் சீழ் பிடிச்சிருந்திருக்கு. வலி எறங்கின அன்னிக்கே கொண்டாந்திருந்தா பிழைக்கவைக்கிறது சுலபம். பேதி மருந்து குடுக்கவே கூடாது. வலி நின்னுதுன்னீரே, அப்பத்தான் அது உடைஞ்சிருக்கு" என்றார். பிழைப்பாளா என்றேன். சொல்வதற்கில்லை என்று உள்ளே போய்விட்டார்.

வழியில் ஒரு தடவை கண்ணைத் திறந்து, "டேசனுக்கா போறோம்? அண்ணன் ஊட்டுக்கா?" என்று கேட்டாள். ஆமாம்டி, கல்யாணத்துக்குத்தான் என்றேன். அதற்குப் பிறகு அவள் அலறவில்லை.

தந்தி கொடுக்கக் கை வரவில்லை. கல்யாண வீட்டுக்குத் தந்தி போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அந்தச் சேதி இன்னும் இல்லை. இதை எழும்பூரில் ரயில் தபாலில் சேர்க்கச் சொல்லிப் பீர் முஹம்மதுவிடம் கொடுக்கிறேன், காலையில் உம் கைக்கு வந்துவிடும். நேரில் வந்து அழைக்க இவளை விட்டு நகர முடியவில்லை. தட்டுமில்லை, வெற்றிலை பாக்குமில்லை. தபாலில்தான் கூப்பிடுகிறேன் மைத்துனரே, முறை பார்க்காமல் உடனே வாரும்.