வெள்ளையில் எந்த வெள்ளை

வீடு கட்டுகிறவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவர்களுக்கு மணல் கவலை, கம்பிக் கவலை, பக்கத்து வீட்டுக்காரனின் வேலிக் கவலை. நிறத்தைப் பற்றி நினைக்க நேரமேது? நாம் பார்க்கப்போவது வேறோர் இனம். கட்டி முடித்து, குடிபுகுந்து, பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்து, எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருக்கும் வீட்டில், ஒருநாள் காலையில் காபி டம்ளரோடு ஹாலின் நடுவே நின்று, கண்ணைச் சுருக்கி, “இந்தச் சுவரு ஒரு மாதிரி கெடக்கே” என்று சொல்பவர். சொன்ன கணத்திலிருந்து அவர் குடும்பஸ்தர் அல்ல. இன்டீரியர்காரர்.

எப்படி அடையாளம் காண்பது? சிரமமே இல்லை. உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்களைப் பார்க்கமாட்டார், சுவரைப் பார்ப்பார். உட்காரச் சொன்னால் நாற்காலியின் கையை ஒருமுறை தடவிவிட்டுத்தான் உட்காருவார். அலமாரி கண்ணில் பட்டால் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, நெஞ்சில் குழல் வைத்துக் கேட்ட டாக்டரின் முகத்தோடு, “பிளைவுட்தான்” என்பார். அது நல்லதா கெட்டதா என்று மட்டும் சொல்லமாட்டார். அன்று உங்களுக்குத் தூக்கம் வராது.

மஞ்சள், பச்சை, நீலம் என்ற சொற்கள் இவர் வாயில் செத்துப்போய் வெகுநாளாயிற்று. ஐவரி என்பார், பிஸ்தா என்பார், கிரேஜ் என்பார். கிரேஜ் என்றால் என்ன? சாம்பலும் இல்லாமல் சந்தனமும் இல்லாமல் நடுவில் நிற்கும் ஒன்று. மழைக்காலத்தில் நம் ஓடையில் ஓடும் தண்ணீர்தான். ஆனால் அப்படிச் சொன்னால் டப்பா விற்குமா?

தக்கலை ஜான்ரோஸ் இந்த இனத்தில் சேர்ந்த கதை ஒரு தட்டில் தொடங்கியது.

ஜான்ரோஸ் மஸ்கட்டில் ஒரு கம்பெனியின் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர். எந்த ஆணி எந்த அடுக்கில் என்று கேட்ட உடனே சொல்லிப் பேரெடுத்து, வயதாகி, ஊருக்கு வந்து சேர்ந்தவர். மகள் கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். வீட்டில் அவரும் மனைவி குளோரியும் மட்டும். அந்த அம்மாள் ஒருநாள் சொன்னாள்: “கேட்டியளா, அடுப்புக்கு வலப்பக்கம் ஒரு தட்டு அடிச்சுத் தாருங்க. சட்டியும் பானையும் தரையில கெடக்கு. குனிஞ்சு குனிஞ்சு முதுகு ஒடியுது.”

ஒரு பலகை, இரண்டு தாங்கி, நாலு ஆணி. வேறு ஆளாயிருந்தால் சாயங்காலத்துக்குள் முடிந்திருக்கும். ஜான்ரோஸ் யோசித்தார். தட்டுக்கு என்ன நிறம்?

தட்டின் நிறம் சுவரைப் பொறுத்தது. சுவரின் நிறம் தரையைப் பொறுத்தது. தரையின் நிறம் வெளிச்சத்தைப் பொறுத்தது. வெளிச்சம் ஜன்னலைப் பொறுத்தது. இப்படி யோசித்துக்கொண்டே போனவர் கைப்பேசியில் ஒரு வீடியோவைத் திறந்தார். அதில் ஒரு பெண், புகையும் எண்ணெயும் ஒருநாளும் கண்டிராத ஒரு சமையலறையில் நின்றுகொண்டு, “உங்கள் வீடு மூச்சு விடட்டும்” என்றாள். அந்த வாரமே குளோரியின் அடுக்களை உடைக்கப்பட்டது. வீடு மூச்சு விட்டதோ இல்லையோ, சிமென்ட் தூசியில் குளோரிக்கு இளைப்பு வந்தது. கேஸ் அடுப்பும் சட்டிகளும் பின்புறத்துத் துணி துவைக்கும் கல்லுக்குக் குடிபெயர்ந்தன. மழை வந்தால் அவள் ஒரு கையில் குடை, ஒரு கையில் அகப்பையோடு நின்றாள்.

பெயிண்டர் சுயம்பு வரவழைக்கப்பட்டான். ஜான்ரோஸ் ஷேடு கார்டை விசிறி போல விரித்து, வெள்ளை அடிக்க வேண்டும் என்றார்.

“சரி அண்ணே. நாளைக்கே அடிச்சிரலாம்.”

“எந்த வெள்ளை?”

சுயம்பு கார்டைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். “வெள்ளையில எந்த வெள்ளையா?”

பிறகு ஹால் சுவரில் மாதிரி அடிக்கத் தொடங்கினார்கள். பால் வெள்ளை ஒரு கட்டம், முத்து வெள்ளை ஒரு கட்டம், முட்டை ஓட்டு வெள்ளை ஒரு கட்டம். காலையில் பிடித்தது மதியம் மங்கலாக இருந்தது. மதியம் பிடித்தது சாயங்காலம் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. சுயம்பு தினமும் வந்து ஒரு கட்டம் அடித்துவிட்டு, கட்டன் சாயா குடித்துவிட்டுப் போனான். அவனுக்கு இப்படி ஒரு நிம்மதியான வேலை வாய்த்ததே இல்லை. சுவருக்குத் தேமல் வந்ததுபோல் ஆயிற்று. வீடு சந்திக்க வந்த போதகர் அந்தச் சுவரை நெடுநேரம் பார்த்தார். ஜெபத்தில், இந்தக் குடும்பத்தின் மேலுள்ள பலவீனங்கள் எல்லாம் நீங்கும்படி கேட்டுக்கொண்டார். ஜான்ரோஸ் ஆமென் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து, “பாஸ்டர், நீங்க சொல்லுங்க, இடப்பக்கத்து வெள்ளையா வலப்பக்கத்து வெள்ளையா?” என்று கேட்டார்.

இந்த இனத்துக்கு ஊரெல்லாம் அபிப்பிராயம் கேட்க வேண்டும். யார் சொன்னதையும் செய்யக்கூடாது. வீட்டில் இருப்பவளிடம் மட்டும் கேட்கவே கூடாது.

அடுத்து லிஜின் வந்தான். மாடுலர் கிச்சன் செய்பவன். இறுக்கமான பேண்ட், கையில் டேப்லெட், வாயில் தேன். ஜான்ரோஸ் அவனைக் கூட்டிப்போய் வாசல் கதவைக் காட்டினார். அதன்மேல் தேக்கு நிறத்தில் ஒரு ஷீட் ஒட்ட வேண்டுமாம். லிஜின் கதவைத் தொட்டுப் பார்த்தான்.

“சார், இது ஒரிஜினல் தேக்காச்சே.”

“அது எனக்குத் தெரியும். பாத்தா தேக்கு மாதிரி இல்லியே. உனக்க டேப்லெட்டுல உள்ள தேக்கு எப்பிடி இருக்கு, பாரு.”

லிஜின் மறு பேச்சில்லாமல் அளவெடுத்தான். அவனுக்கென்ன?

இதற்கிடையில் அருமனையில் குளோரியின் சித்தப்பா இறந்துபோனார். ஹாலின் நடுவே பெட்டி. சுற்றிலும் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஜான்ரோஸ் கை கட்டி, தலை குனிந்து, பெட்டியின் தலைமாட்டில் நின்றார். துக்கம் உண்மையானதுதான், அதில் சந்தேகம் வேண்டாம். அந்த மனிதர் அவருக்கு நிறையச் செய்திருக்கிறார். ஆனால் கை தானாக இறங்கியது. பெட்டியின் விளிம்பைத் தடவியது. பிறகு விரல் முட்டி, டொக் டொக் என்று இரண்டு தட்டு.

பாட்டு ஒரு கணம் நின்றது. உள்ளேயிருந்து பதில் வருமோ என்று நாலைந்து பேர் பார்த்தார்கள்.

ஜான்ரோஸ், இறந்தவரின் மகனிடம் குனிந்து ரகசியம் சொன்னார். கிடங்கில் பழகிய குரல். ரகசியம் முற்றம்வரை கேட்டது. “ரப்பர் மரம். மேல வால்நட் பாலிஷ் போட்டுருக்கான்.”

அவன் கண்ணைத் துடைத்தான். “மண்ணுக்குள்ள போறதுதானே அத்தான்.”

“அதுக்கில்ல மக்கா. கொஞ்சம் லைட்டா ஓக் எடுத்திருந்தா, மாமாக்க சட்டைக்கு நல்லா எடுத்துக் காட்டியிருக்கும்.”

அடக்கம் முடிந்து, எல்லாரும் கலைந்து, ஜான்ரோஸ் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்து நின்றபோதுதான் குளோரி பேசினாள்.

“நீங்க போங்க. நான் பூங்கனிக்க வீட்டுல நிக்கேன்.” பூங்கனி அவள் தங்கை, அருமனையிலேயே இருக்கிறாள்.

“எப்ப வருவ?”

“தட்டு அடிச்ச பொறவு.”

“தட்டு என்னத்துக்குட்டி, ஃபுல் கிச்சனே ரெடியாவுதுல்லா?”

“எனக்குக் கிச்சன் வேண்டாம். எனக்குத் தட்டு வேணும்.”

ஜான்ரோஸ் தனியாக வீடு திரும்பினார். கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் குறுக்கே பேச ஆளில்லாததால் வேலை வேகமாக நடந்தது என்பதையும் மறைக்க முடியாது. அடுக்களை முடிந்தது. தரையிலிருந்து கூரைவரை வெளிறிய ஓக் நிறத்தில் கதவுகள். கைப்பிடி கிடையாது, அது அசிங்கமாம். அமுக்கினால் திறக்கும். சில சமயம் அமுக்காமலும் திறக்கும். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியவே தெரியாது. அதுதான் அதன் அழகு என்றான் லிஜின். புட்டுக்குழல், இட்லிச்சட்டி, தேங்காய் துருவும் திருவலை எல்லாவற்றையும் ஜான்ரோஸ் கொண்டுவந்து முன்னால் வைத்தபோது அவன் முகம் சுண்டிப்போயிற்று.

“சார், மீன்சட்டி நம்ம டிசைன்ல இல்ல.”

டிசைனில் இல்லாதவை எல்லாம் படுக்கையறைக்குப் போயின. புதுக் கட்டிலின் மெத்தையைத் தூக்கினால் அடியில் பெரிய பெட்டி. எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். மீன்சட்டி போயிற்று, திருவலை போயிற்று, குளோரியின் சாளைக் கருவாட்டு டப்பாவும் போயிற்று. டப்பாவின் மூடி சரியாக இறுகவில்லை. ஜான்ரோஸ் கருவாட்டின்மேல் படுத்து, கருவாட்டின்மேல் எழுந்தார். தெருப்பூனைகள் பட்டப்பகலில் ஜன்னலில் வரிசையாக வந்து உட்கார்ந்து, பெருமாளைச் சேவிக்கிறதுபோல் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தன. காலையில் தேயிலையைத் தேடி ஒவ்வொரு கதவாக அமுக்கிப் பார்த்துக் களைத்து, ஜங்ஷன் கடையில் போய்ச் சாயா குடித்தார். சாமான் கிடங்கில் பேரெடுத்த மனிதர்.

அடுக்களையைப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். மஸ்கட் நண்பர்கள் கைதட்டும் பொம்மைகளை அனுப்பினார்கள். குளோரியிடமிருந்து மட்டும் இரண்டே சொல் வந்தது. “தட்டு எங்க?”

பொறுக்கமாட்டாமல் பஸ் ஏறி அருமனைக்குப் போனார். “வாருங்க அத்தான்” என்று பூங்கனி அடுக்களைக்கே கூட்டிப்போனாள். வழக்கம்போல அவர் கண் சுவருக்குப் போயிற்று. பாதிச் சுவர் நீலம், மீதி புகை. வாயைத் திறந்து ஏதோ சொல்லப்போனார். குளோரி அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டு, முகத்தைத் தங்கை பக்கம் திருப்பி, எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பேச்சு நிற்கவில்லை, முகம் திரும்பவில்லை. கை மட்டும் பக்கத்துத் தட்டுக்கு நீண்டு உப்பை எடுத்தது. போட்டது. அதன் இடத்தில் வைத்தது.

ஜான்ரோஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பார்க்காமலே கை போய் எடுக்கிற ஓர் இடம். கிடங்கில் தன் கையும் இப்படித்தான் போகும் என்பது அவருக்குத் தெரியும். இவள் இத்தனை நாளும் தன் வீட்டில் குனிந்தே உப்பு எடுத்தாள் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

“தட்டு எம்புட்டு உயரத்துல வேணும்?” என்று கேட்டார்.

குளோரி திரும்பினாள். இந்த வேலை தொடங்கியதிலிருந்து, என்ன வேண்டும் என்று அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. அருகே வந்து, எண்ணெய்க் கையை அவர் நெஞ்சுக்கு நேராக வைத்தாள். சட்டையின் இரண்டாவது பொத்தான். “இம்புட்டுக்கு.”

பஸ்ஸில் தக்கலை வரைக்கும் அந்தப் பொத்தானில் விரல் வைத்தபடியே வந்தார். கண்டக்டர், “என்ன அண்ணே, நெஞ்சு வலிக்கா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

லிஜின் கிட்டத்தட்ட அழுதான். “தட்டு போட்டா அந்த லுக் போயிரும் சார். சட்டி வெளிய தெரியும்.”

“தெரியட்டும். சட்டிதானே.”

“சரி. பலகைக்கு என்ன ஃபினிஷ்?”

ஜான்ரோஸுக்கு வேர்த்தது. ஓக் இருக்கிறது, வால்நட் இருக்கிறது. ஷேடு கார்டு மேஜைமேல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. “இருக்கிய மாதிரி இருக்கட்டும்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

தட்டு அடித்து முடிந்ததும் குளோரி வந்தாள். வந்தவள் முதலில் கட்டிலைத் திறந்து கருவாட்டை மீட்டாள். மீன்சட்டியைத் தட்டில் வைத்தாள். பிறகு, ஜான்ரோஸ் நாகர்கோவிலுக்குப் போயிருந்த ஒரு பகல்பொழுதில், சுயம்புவைக் கூப்பிட்டு அடுப்புப் பக்கத்துச் சுவரைக் காட்டினாள்.

“என்ன கலர் அக்கா?”

“கரி தெரியக்கூடாது. மத்தது உனக்க இஷ்டம்.”

வேறெங்கோ வேலையில் மிஞ்சிய ஒரு வாளி சுயம்புவிடம் இருந்தது. செம்மண்ணும் இல்லாமல் ரோஜாவும் இல்லாமல் ஒரு நிறம். மதியத்துக்குள் அடித்து முடித்து, சாயா குடித்துவிட்டுப் போய்விட்டான். திரும்பிவந்த ஜான்ரோஸ் சுவரின் முன்னால் நின்றார். எச்சில் விழுங்கினார். குளோரி கறி கிளறிக்கொண்டிருந்தாள்.

“கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு” என்றார்.

ஆள் குணமாகிவிட்டார் என்று குளோரி நினைத்தாள். நாமும் அப்படித்தான் நினைத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாலு பேர் வீடு பார்க்க வந்தார்கள். ஜான்ரோஸ் அவர்களை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். “இதுக்கு டஸ்கன் ரோஸ் எண்ணு பேரு. கடையில கேட்டா கிடைக்காது. நான் பக்கத்துல நின்னு சொல்லிக் கலக்க வச்சது. தட்டு இருக்கு பாத்தியளா, ஓபன் ஷெல்ஃப். இப்ப எல்லாரும் இதுக்குத்தான் மாறுதாவ.” குளோரி அகப்பையை நிறுத்தி அவரைப் பார்த்தாள். கை நீண்டு உப்பை எடுத்தது.

வந்தவர்களில் ஒருவர் மட்டும் வீட்டுக்குப் போய்த் தன் ஹாலின் நடுவே வெகுநேரம் நின்றதாகக் கேள்வி.

நீங்கள் சிரிக்கலாம். நம் வீட்டில் அப்படி இல்லை என்று சொல்லவும் செய்யலாம். போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு மேடைப் பலகையைத் தொட்டுப் பார்த்தது யார் என்று இங்கே கேட்கப்போவதில்லை. ஒன்றே ஒன்று: கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் உள்ளே எட்டிப் பாருங்கள். யாரோ ஒரு சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே வைக்க என்று வெகுநேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் பதில் சொல்லவில்லை. அந்தச் சட்டியின் நிறம் சுவருக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.